சின்ன வார்னிங்தானே என்று விடாதீர்கள்

கோத்தா திங்கியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்து, இன்று ஜொகூர் பாரு, கூலாய், சிங்கப்பூர் என்று சர்வர் வேலைக்குப் போய்வரும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இரவு மைக்ரேஷன் வேலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரையில் வார்னிங் என்று ஒரு வரி வருகிறது. பக்கத்தில் இருப்பவர், “அது எப்பவும் வர்றதுதான், விடு” என்கிறார். அப்போது விட்டுவிடாதீர்கள். மறுநாள் தூங்கி எழுந்த பிறகாவது அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். திருத்த முடிந்தால் திருத்துங்கள். திருத்தியதை உங்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், கருவியை எழுதியவர்களுக்கே அனுப்புங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

உங்களுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2019இல் சிங்கப்பூர் புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடியும் கதவைத் திறந்தது. அந்த இடைவெளியில் முதலீடு பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. நூசாஜெயாவிலும் செடெனாக்கிலும் கூலாயிலும் கட்டடங்கள் எழும்பின. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரத்தில் நம் மாவட்டத்தின் தெசாருவும் பெங்கேராங்கும்கூட இடம்பெற்றிருக்கின்றன. காலையில் கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போகும் கார்களில் எத்தனையோ பேர் இப்போது ரேக், கேபிள், ஸ்டோரேஜ் என்று பேசிக்கொண்டு போகிறார்கள். செம்பனைக் குலை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எனக்கு இதில் பெருமைதான்.

அடுத்த மாற்றம் 2023 நவம்பர் 22 அன்று வந்தது. பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்த நாள் அது. ஒரு மாதத்துக்குள் நிரந்தர உரிமம் விற்பது நின்றது, இனி சந்தா மட்டும்தான் என்றார்கள். சந்தாக் கணக்கு கைக்கு வந்த பிறகு பல கம்பெனிகள் வெளியேறும் வழி தேடின. அவற்றில் பல கண்ட வழி கேவிஎம். லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசர், தனி உரிமக் காசு கிடையாது. பத்துப் பதினைந்து வருடமாக விஎம்வேரில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் கேவிஎம்மில் உட்கார வைக்க வேண்டும். உங்கள் தலையில் விழுந்த வேலை இதுதான்.

இந்த கேவிஎம்முக்கும் நம் ஊருக்கும் காலக்கணக்கில் ஓர் ஒற்றுமை உண்டு. 2006 டிசம்பரில் ஜொகூர் ஆறு ஏறி கோத்தா திங்கி நகரமே தண்ணீருக்குள் போனது. கழுவித் துடைத்து மூச்சு விடுவதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் ஏறியது. அதே வாரங்களில்தான் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்துகொண்டிருந்தது. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பில் அது முதன்முதலாக வெளியானது. அந்த வெள்ளத்தில் தாயின் இடுப்பில் துயர் துடைப்பு மையத்துக்குப் போன குழந்தைகள் இன்று பாலிடெக்னிக்கில் படிக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

விஎம்களை மாற்றுவதற்கு நீங்கள் பயன்படுத்தும் கருவி பெரும்பாலும் விர்ட்-வி2வி. மேலே அழகான திரை வைத்த வேறு மென்பொருள் உங்களிடம் இருக்கலாம். ரெட் ஹேட்டின் மைக்ரேஷன் டூல்கிட், அதன் மூலத் திட்டமான ஃபோர்க்லிஃப்ட் எதுவானாலும் உள்ளே உழைப்பது விர்ட்-வி2விதான். 2009 வாக்கில் மேத்யூ பூத் இதைப் பெர்ல் மொழியில் எழுதினார். 2014இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் ஓகேமல் மொழியில் முழுக்கத் திருப்பி எழுதினார். இருவரும் ரெட் ஹேட்டில் இருந்தவர்கள். மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம்.

இது டிஸ்க்கை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு நகலெடுக்கும் கருவி மட்டும் என்று நினைக்காதீர்கள். நகலெடுக்க மட்டும் என்றால் இன்னும் எளிய வழிகள் இருக்கின்றன. விஎம்வேரில் பிறந்த விண்டோஸுக்கு கேவிஎம்மின் விர்ட்-ஐஓ டிஸ்க் எப்படி இருக்கும் என்றே தெரியாது. வெறுமனே நகலெடுத்து இயக்கினால் நீலத்திரை விழும். லினக்ஸிலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விர்ட்-ஐஓ டிரைவர் இல்லையென்றால் ரூட் டிஸ்க் கிடைக்காமல் பூட் பாதியில் நிற்கும். ஆகவே விர்ட்-வி2வி டிஸ்க்கைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று பார்த்து, டிரைவரைச் சேர்த்து, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டி, டிஸ்க் பெயர்களை மாற்றி எழுதுகிறது. மூல விஎம்மின் மேல் கை வைப்பதில்லை. மாற்றங்களெல்லாம் மேலே போர்த்திய ஒரு தற்காலிக அடுக்கில்தான் நடக்கும். இரவு இரண்டு மணிக்கு ஏதாவது சொதப்பினாலும் பழைய இயந்திரம் அப்படியே இருக்கும் என்ற தைரியத்தில்தான் நாம் இந்த வேலையைச் செய்கிறோம். எவ்வளவு கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்று போதும்.

இனி திரைக்கு வருவோம். கருவி ஓடும்போது ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டே வரும். மூலத்தைத் திறக்கிறேன், ஆராய்கிறேன், இடம் போதுமா பார்க்கிறேன், மாற்றுகிறேன், டிஸ்க்கை நகலெடுக்கிறேன், முடிக்கிறேன். நடுநடுவே வார்னிங். ஆர்எச்இஎல் 7, சென்ட்ஓஎஸ் 7 விஎம்களை மாற்றியவர்கள் பலர் ஒரு குறிப்பிட்ட வரியைப் பார்த்திருப்பீர்கள். கிரப்பின் டிவைஸ்.மேப் கோப்பில் எச்டி0 என்ற பதிவு, தெரியாத ஒரு டிஸ்க்கைச் சுட்டுகிறது, மாற்றம் முடிந்த பிறகு நீங்கள் கையால் திருத்த வேண்டியிருக்கலாம் என்று அது சொல்லும். முதல் தடவை பார்க்கும்போது வயிறு கலங்கும். விஎம்மை இயக்கிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாமல் பூட் ஆகும், ஏனென்றால் கிரப் 2 பூட் நேரத்தில் டிஸ்க்கைத் தேடுவது பெரும்பாலும் யூயூஐடியை வைத்துத்தான். அந்தப் பழைய கோப்பு அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. இரண்டாம் தடவை வயிறு கலங்காது. பத்தாவது விஎம்மில் கண் அந்த வரியைப் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

எனக்குக் கவலை அந்த இடத்தில்தான். கண் நிறுத்திக்கொள்வது அந்த ஒரு வரியோடு போவதில்லை.

நான் பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. ஒரு விண்டோஸ் சர்வர், கணக்குத் துறையுடையது. சனிக்கிழமை இரவு மாற்றினார்கள். கருவி வெற்றி என்று முடித்தது. சர்வர் எழுந்தது, லாகின் ஆனது, எல்லோரும் நாசி லெமாக் சாப்பிடப் போனார்கள். திங்கட்கிழமை காலை கணக்குத் துறையிலிருந்து போன்மேல் போன். ரிப்போர்ட் ஒன்று திறக்க முன்பு ஆன நேரத்தைப்போல் பல மடங்கு. நெட்வொர்க்கைப் பார்த்தார்கள், ஸ்டோரேஜைப் பார்த்தார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். விஷயம் லாகிலேயே இருந்தது. இந்த விண்டோஸ் பதிப்புக்கு விர்ட்-ஐஓ டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே இந்த விஎம் மெதுவான போலிச் சாதனங்களோடு அமைக்கப்படும் என்று கருவி நேராகவே எழுதியிருந்தது. மாற்றும் இயந்திரத்தில் விர்ட்ஐஓ-வின் என்ற டிரைவர் தொகுப்பை நிறுவ மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கருவி நிற்கவில்லை, ஏனென்றால் அது எரர் இல்லை. பழைய ஐடிஇ டிஸ்க், பழைய ரியல்டெக் கார்டு என்று பாவனை செய்து எப்படியோ ஓட வைத்துவிட்டது. முடிவில் ஜீரோ என்று வெற்றிக் குறியீட்டைத் திருப்பிக் கொடுத்தது. மொத்தமாக மாற்றும் ஸ்கிரிப்ட் அந்த ஜீரோவை மட்டும்தான் பார்க்கும்.

அந்த வரியை ஏன் யாரும் படிக்கவில்லை? சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள். ஆனால் அதற்கு முன் மாற்றிய ஒவ்வொரு விஎம்மிலும் ஒன்றுக்கும் உதவாத வார்னிங் வந்து வந்து, வார்னிங் என்றால் உருட்டிவிட்டுப் போக வேண்டியது என்று அவர்கள் கை பழகியிருந்தது. பொய் வரிகள் சேர்ந்து உண்மை வரியை மூடிவிட்டன.

ஆற்றங்கரையில் பிறந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் நீர்மட்ட அளவில் வஸ்படா (கவனம்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மூன்று படி உண்டு. நல்ல வெயில் நாளில் தினமும் அமாரான் காட்டும் ஒரு மானியை ஊரில் வைத்திருந்தால், ஆறு உண்மையில் ஏறும் இரவில் எந்த வீட்டில் சாமான்களை மாடிக்கு ஏற்றுவார்கள்? அப்படிக் காட்டும் மானியைப் பழுது பார்ப்பது வெள்ளத்தைத் தடுக்கும் வேலைக்குக் குறைந்தது இல்லை. ஆளில்லாத ஓர் இடத்தில், வெயிலில் நின்று, யாரும் பாராட்டாத ஒரு திருகாணியை இறுக்குவது போலத்தான் இருக்கும் அந்த வேலை. செய்தே ஆக வேண்டியது.

அப்படியானால் அந்த வரியை அழித்துவிட்டால் முடிந்தது என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து இதைக் கேளுங்கள். கணினித் துறையில் ஒரு சின்ன வார்னிங்கைத் தப்பாக அடக்கியதற்கு உலகம் கொடுத்த விலை ஒன்று உண்டு. 2006இல், டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கத் தொகுப்பைப் பராமரித்தவர் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி விடாமல் குறை சொல்வதைக் கவனித்தார். துவக்க மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தை இந்த நிரல் படிக்கிறது என்பது குறை. குறை சொல்லப்பட்ட வரி ஒரே மாதிரி இரண்டு இடத்தில் இருந்தது. ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேட்டும் பார்த்தார், வந்த பதில் அவரைத் தடுக்கவில்லை. இரண்டு வரியையும் கமெண்ட் ஆக்கினார். வார்னிங் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொகுப்பு வெளியே போனது.

இரண்டில் ஒரு வரியை எடுத்ததில் பாதகமில்லை. இன்னொன்றோ, சாவி உருவாக்குவதற்கான தற்செயல் எண்களைத் திரட்டிக் கலக்கும் வரி. அது போனதும் கலவையில் மிஞ்சியது அந்த நிரலின் பிராசஸ் எண் ஒன்றுதான். அன்றைய லினக்ஸில் அந்த எண் வழக்கமாக 32,768க்கு மேல் போகாது. கோடானுகோடி சாத்தியங்களில் ஒன்றாக இருக்க வேண்டிய எஸ்எஸ்எச் சாவி, ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்துக்கு, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகச் சுருங்கியது. ஒரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடலாம். டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் அந்தத் தொகுப்பைக் கொண்டு உருவான சாவிகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. ஏறத்தாழ இருபது மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. 2008 மே 13 அன்று, லூசியானோ பெல்லோ கண்டுபிடித்த பிறகு, அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க நிர்வாகிகள் சாவிகளை எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்கினார்கள்.

அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சின்ன வார்னிங் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது, அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் வரி ஏன் அங்கே இருக்கிறது என்று முழுதாகப் புரிவதற்கு முன் அதன் வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உங்கள் கையில் வரும் வார்னிங் எவ்வளவு சின்னதானாலும், அதைத் தொடுவதற்கு முன் இந்தக் கதை நினைவில் வர வேண்டும்.

இதே சோதனை விர்ட்-வி2வியின் மூல நிரலுக்குள்ளும் காத்திருக்கிறது. மூல நிரலை இறக்கி உங்கள் கணினியில் கட்டும்போது ஓகேமல் கம்பைலர் தன் பங்குக்குச் சில வார்னிங் சொல்லக்கூடும். மிகச் சாதாரணமானது, ஒரு மாறிக்குப் பெயர் வைத்துவிட்டு எங்குமே பயன்படுத்தவில்லை என்பது. அடக்குவதற்கு ஒரே ஓர் எழுத்து போதும். மாறியின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் கம்பைலர் பேசாது. போடலாம், சில நேரம் அதுதான் சரியும்கூட. ஆனால் முதலில் கேளுங்கள்: எழுதியவர் இதை எதற்காக வாங்கி வைத்தார்? பயன்படுத்த நினைத்து மறந்திருந்தால் அங்கே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது, அடிக்கோடு அதைப் புதைக்கும். பழைய வேலை போய் மிச்சம் இருக்கிறதென்றால் வரியையே எடுத்துவிடலாம்.

இன்னொரு வகை இதைவிட முக்கியம். இந்த மொழியின் அழகும் அதில்தான் இருக்கிறது. டிஸ்க் கண்ட்ரோலர் ஐடிஇ, சாட்டா, ஸ்கஸி என்று சில வகை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று மேட்ச் எழுதுகிறோம். பின்னால் என்விஎம்இ என்று ஒரு வகை சேரும்போது, அதைக் கவனிக்காத மேட்ச் ஒவ்வொன்றையும் கம்பைலர் தேடிப்பிடித்து, இங்கே ஒரு வகை விடுபட்டிருக்கிறது என்று சொல்லும். நிரல் முழுவதையும் ஒருவர் தலையில் வைத்திருக்க வேண்டியதில்லை, கம்பைலர் வைத்திருக்கிறது. அவசரக்காரர் என்ன செய்வார்? ‘மற்றவை எல்லாம்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். அன்றைய வார்னிங் போய்விடும். அதோடு, அடுத்து வரப்போகும் வகைக்கு வர வேண்டிய வார்னிங்கும் இன்றே போய்விடும். மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவருடைய விஎம் தவறான கண்ட்ரோலரோடு எழும், காரணம் ஒருவருக்கும் புரியாது. ஆகவே விடுபட்ட வகையைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். இரண்டு வரி கூடுதல், அவ்வளவுதான்.

சரி, எங்கே தொடங்குவது? மேலே சொன்ன டிவைஸ்.மேப் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பதிப்புகளில் அந்த வரியில் பாதை ‘ஃபைல்ஸ்’ என்று ஆரம்பித்து, பிறகுதான் பூட், கிரப் 2 என்று போகும். விஎம்முக்குள் போய்த் தேடினால் ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டரே இருக்காது. ஏன் என்றால், அமைப்புக் கோப்புகளைப் படிக்க விர்ட்-வி2வி உள்ளே அஜியஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அஜியஸ் தான் படிக்கும் கோப்புகளையெல்லாம் ஃபைல்ஸ் என்ற ஒரு கற்பனை வேரின் கீழ் காட்டும். அந்த உள்வீட்டுப் பெயர் அப்படியே வெளியே வாசலுக்கு வந்துவிட்டது. நிரலை எழுதியவருக்கு அது பளிச்சென்று புரியும். இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கும் உங்களுக்குப் புரியாது. இதைக் கவனிக்க ஓகேமல் மேதையாக இருக்க வேண்டியதில்லை, அந்த வரியால் ஒரு முறை அலைக்கழிந்தவராக இருந்தால் போதும்.

வார்னிங்கில் உள்ள ஒரு சொற்றொடரை எடுத்து மூல நிரலில் தேடுங்கள், அது அச்சிடப்படும் இடம் கிடைக்கும். அந்த வரியை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார் என்று கிட் வரலாற்றைப் படியுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள், டெபியனில் தவறியது ஏறக்குறைய இங்கேதான். பிறகு அதே வார்னிங்கை வரவழைக்கும் ஒரு சின்னச் சோதனை விஎம் செய்யுங்கள். கம்பெனியின் விஎம்மில் வேண்டாம், புதிதாக ஒரு சென்ட்ஓஎஸ் போட்டு, அதன் டிவைஸ்.மேப் கோப்பில், உண்மையில் இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயரை எழுதிவிட்டு மாற்றினால் போதும். வந்ததா? இப்போது திருத்துங்கள். பாதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஃபைல்ஸை மட்டும் வெட்டலாம். அல்லது எந்த நிலையில் இந்த வரி தேவை, எந்த நிலையில் தேவையில்லை என்று பிரிக்கலாம். முன்னது ஒரு மாலை வேலை, பின்னதற்கு நிறையப் படிக்க வேண்டும். முன்னதிலிருந்து தொடங்குங்கள். இதற்குள் யாராவது முந்திக்கொண்டு திருத்தியிருந்தால் அவர் செய்ததைப் படித்துவிட்டு, உங்கள் லாகில் இருக்கும் அடுத்த வார்னிங்குக்குப் போங்கள்.

திருத்தம் இரண்டு வரிதான் இருக்கும். அதோடு போகும் விளக்கம் அதைவிட நீளமாக இருக்கட்டும். எந்த விஎம், எந்தப் பதிப்பு, என்ன வந்தது, படித்தவருக்கு ஏன் குழப்பம், என்ன மாற்றினேன், எப்படிச் சோதித்தேன். ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம் உங்களில் பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி, பிறகு பாலிடெக்னிக் என்று வந்தவர்களுக்கு அது இயல்பு. திருத்தம் பார்ப்பவர்கள் உங்கள் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. திறந்த மூலத் திட்டங்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. குட்டி வாக்கியங்களில், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். மறுத்துத் திருப்பி அனுப்பினால், ஏன் என்று அவர்கள் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். அந்த ஒரு பதிலில் நீங்கள் கற்பதை எந்தச் சான்றிதழ் வகுப்பும் காசுக்குக் கற்றுத் தராது.

“ரெட் ஹேட்காரன் பார்த்துக்கமாட்டானா?” என்று கேட்பீர்கள். அவர்களால் பார்க்க முடியாது, ஏனென்றால் உங்களிடம் இருக்கும் விஎம்கள் அவர்களிடம் இல்லை. 2020இலேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் சர்வர் 2008, சென்ட்ஓஎஸ் 6 எல்லாம் ஜொகூரில் எத்தனை அலுவலகங்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். யாரோ ஒரு கான்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன விசித்திரமான டிஸ்க் பிரிவுகள், சீனத்தில் பெயர் வைத்த ஃபோல்டர்கள், எவரும் தொடப் பயப்படும் கணக்கு மென்பொருள். இந்த இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அங்கே எந்த வார்னிங் பொய், எது மெய் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. மலேசிய அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004இலேயே அறிவித்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் எவ்வளவோ லினக்ஸ் ஓடுகிறது. எடுத்துப் பயன்படுத்தினோம், நன்றாகவே பயன்படுத்தினோம். திருப்பிக் கொடுத்தது குறைவு என்பது என் ஆதங்கம். நம்மால் முடியாதென்று யாரும் சொல்ல முடியாது. தமிழை எந்தக் கணினியும் மதிக்காத எண்பதுகளில், இதே மலேசியாவில், கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு பிற்பாடு ஆப்பிள் கணினிகளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. அந்த அளவுக்கு யாரையும் நான் கேட்கவில்லை. இரண்டு வரித் திருத்தம்தான் கேட்கிறேன். ஆனால் கருவி செய்பவர்களின் வரிசையில் நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்ற ஆசையோடுதான் கேட்கிறேன்.

டீம் லீடராகவும் மேனேஜராகவும் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரேஷன் முடிந்த மறுவாரம் பையன்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அந்த வாரத்து லாக்குகளை உட்கார்ந்து படிக்கட்டும். எந்த வார்னிங் எத்தனை விஎம்மில் வந்தது, எது பொருட்படுத்த வேண்டியது, எது வெறும் இரைச்சல் என்று ஒரு பட்டியல் போடட்டும். ஸ்கிரிப்ட் ஜீரோவைப் பார்த்தவுடன் பச்சை விளக்கு போடாமல், வார்னிங் இருந்தால் தனியாக எடுத்து நீட்டும்படி எழுதச் சொல்லுங்கள். திருத்தம் அனுப்ப அனுமதி கேட்டு வந்தால் சட்டப் பிரிவு, தலைமை அலுவலகம் என்று அலைய விடாதீர்கள். நீங்கள் காசு கொடுக்காமல் வாங்கிய கருவி அது.

கடைசியாக வேலை சம்பந்தமான ஒரு குறிப்பு. பிழையைத் தெரிவிக்கும்போது முழு லாகையும் கேட்பார்கள். கருவியை -வி, -எக்ஸ் என்ற இரண்டு தேர்வுகளோடும் ஓட்டினால் அது கிடைக்கும், பல ஆயிரம் வரி நீளம். அதில் விஎம்மின் பெயர், உங்கள் விசென்டரின் முகவரி, டேட்டாஸ்டோர் பாதை, உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் எல்லாம் வரும். வாடிக்கையாளரின் லாகை அப்படியே வெளியே அனுப்பாதீர்கள். உங்கள் சோதனை விஎம்மில் அதே வார்னிங்கை வரவழைத்து அந்த லாகை அனுப்புங்கள். முடியாவிட்டால் பெயர்களையும் ஐபி எண்களையும் மாற்றிவிட்டு, மாற்றியிருக்கிறேன் என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். ஆனால் வார்னிங் வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைச் சுருக்காதீர்கள். திருத்துபவர் முதலில் படிப்பது அவற்றைத்தான்.

அன்புடன்,
கோத்தா திங்கியிலிருந்து, உங்களுக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த ஓர் அண்ணன்